முற்றத்துப் புற்றரையும் சருகு மெத்தையும்

அறுகம்புல் வயலில் படர்ந்தால் களையென்றும், ஏரிக்கரையிலும் வரப்பிலும் படர்ந்தால் காவலென்றும், வீட்டு முற்றத்தில் படர்ந்தால் அழகென்றும் கருதப்படுகின்றது. இவற்றுள் முதல் இரண்டையும் பற்றிக் குடியானவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியது யாதுமில்லை. நிலக்கடலைக் கொல்லையில் அறுகின் கட்டைகளை அகழ்ந்தெடுத்து வெயிலில் உலர்த்துவதும், கரைமேற் படர்ந்த அறுகை மண்வெட்டி படாமற் காப்பதும் அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த காரியங்கள். மூன்றாவதாகிய முற்றத்துப் புற்றரையோ கிராமங்களுக்குப் புதியது. அதனைப் பேணும் முறையும் புதியதாகவே இருத்தலால் அநேக இடங்களில் பணமும் தண்ணீரும் வீணாகின்றன. அவ்வீண் செலவுக்குப் பெருங்காரணமாய் நிற்பது, புல்லின் அடியில் எவரும் காணாதபடி ஆண்டுக்காண்டு சேர்ந்து வரும் சருகு மெத்தையாகும்.

செஞ்சியை அடுத்த தளவானூர், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த சத்துருமல்லேசுவராலயம் என்னும் குடைவரைக் கோயிலால் பெயர் பெற்ற ஊர். பாறைக் குன்றுகளும் மேட்டு நிலங்களும் கிணற்றுப் பாசனமும் மிகுந்த இவ்வட்டாரத்தில், நெல்லும் நிலக்கடலையும் விளைவிக்கும் குடும்பங்கள் புது வீடு கட்டும்போது அதன் முன்னே ஒன்றிரண்டு சென்டு இடத்தைப் புற்றரைக்கு ஒதுக்கும் வழக்கம் ஆங்காங்கே தலைகாட்டுகின்றது. பள்ளிகள், அலுவலகங்கள், பூங்காக்கள் முதலிய பொது இடங்களிலும் புற்றரை அமைக்கும் விருப்பம் வளர்ந்து வருகின்றது. மராட்டியர் காலத்து அரண்கள் 12 சேர்ந்த தொகுதியில் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. கோட்டையைக் காண வருவோர்க்காகச் சுற்றுவட்டாரத்தில் எழும் விடுதிகளும் பூங்காக்களும் இனிப் புற்றரையை இன்னும் மிகுதியாக நாடும் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே இவ்விஷயத்தை இப்போதே ஆராய்ந்து கொள்வது உசிதமாகும்.

சருகு மெத்தை யாது?

புற்றரையின் பசிய இலைகளுக்கும் மண்ணின் மேற்பரப்புக்கும் இடையே, மாண்ட தண்டுகளும், உயிருள்ள ஓடுகொடிகளும், வேர்களும் பின்னிப் பிணைந்து பழுப்பு நிறமான ஒரு படலமாய்ச் சேர்கின்றன. ஆங்கிலத் தோட்டக்காரர்கள் இதனைத் ‘தாட்ச்’ என்பர். கூரை வேய்தலுக்கும் அம்மொழியில் இதுவே சொல். பொருத்தமான பெயர்தான், கூரை மழையைத் தடுப்பதுபோல இப்படலமும் நீரை மண்ணுக்குள் விடாமல் தடுக்கின்றது.

இப்படலம் சிறிதளவு இருத்தல் நன்மையே. அரை அங்குலத்துக்கு, அதாவது 12 மில்லிமீட்டருக்கு, உட்பட்டிருக்குமாயின் அது மண்ணின் ஈரத்தைக் காக்கும். வெயிலின் சூட்டைத் தணிக்கும். மிதிபடும் இடங்களில் புல்லின் குருத்தைத் தாங்கும். அரை அங்குலத்துக்கு மேற்படும்போதே கேடு தொடங்குகின்றது. உலர்ந்துவிட்ட மெத்தை எளிதில் நனையாது. தெளித்த நீர் அதன்மேல் உருண்டோடிவிடும். நனைந்துவிட்டாலோ நீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஈரம் மேலே கிடைப்பதால் புல்லும் தன் வேர்களை மண்ணுக்குள் செலுத்தாமல் மெத்தையிலேயே பரப்பும். அப்புறம் இரண்டு நாள் தண்ணீர் தவறினாலும் மெத்தை காய்ந்து, அதனோடு வேரும் காய்ந்து, புற்றரை திட்டுத்திட்டாய்ப் பழுக்கும். காண்பவர் நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் நீர் விடுவார். தழைச்சத்துப் போதவில்லை என்று எண்ணி மேலும் யூரியா தூவுவார். இரண்டும் மெத்தையை இன்னும் தடிக்கச் செய்யும். புழுக்களும் பூஞ்சணமும் இம்மெத்தையைத் தமக்கு இருப்பிடமாக்கிக் கொள்கின்றன. அவற்றுக்கென்று தெளிக்கும் மருந்தும் மெத்தையிலேயே தங்கி, வேரைத் தின்னும் புழுவைச் சென்றடைவதில்லை.

மெத்தை எவ்வளவு தடிப்பென்று அறிவதற்குக் கருவி எதுவும் வேண்டா. வெறுங்காலால் புற்றரையில் நடக்கும்போது பஞ்சின்மேல் நடப்பதுபோல் அமிழ்ந்தால் ஐயுறலாம். களைக்கொத்தினால் மூன்று அங்குல ஆழத்துக்கு ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டியெடுத்துப் பார்த்தால், பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள பழுப்புப் பட்டை தெளிவாகத் தெரியும். அதனை அளவுகோல் வைத்து அளந்துவிட்டுத் துண்டை இருந்த இடத்திலேயே அமுக்கி நீர் தெளித்தால் அது மீண்டும் வேர் பற்றும். நான்கைந்து இடங்களில் இவ்வாறு பார்ப்பது நலம்.

அது சேரும் காரணம்

வெட்டிய புல் நுனிகளைத் தரையிலேயே விட்டுவிடுவதனால்தான் மெத்தை சேர்கின்றது என்பது பலருடைய நம்பிக்கை. இது சரியன்று. இலை நுனி பெரும்பாலும் நீரே. அது சில நாட்களில் மக்கி மண்ணோடு சேர்ந்து, தன்னிடமிருந்த தழைச்சத்தைப் புல்லுக்கே திருப்பித் தரும். மெத்தையாவது இலை அன்று. லிக்னின் என்னும் கட்டைப் பொருள் மிகுந்த தண்டும் ஓடுகொடியும் வேருமே. அவை மக்குவதற்கு நாளாகும். மக்கும் வேகத்தைக் காட்டிலும் அவை உண்டாகும் வேகம் மிகும்போது மெத்தை தடிக்கின்றது. எனவே, நீண்டநாள் வெட்டாமல் விட்டு ஒரே தடவையில் நெடிதாக வெட்டிய தாளை மட்டும் வாரி அகற்றினால் போதும். வாரந்தோறும் சிறிது சிறிதாக வெட்டும் நுனிகளை அகற்றுவது, வாங்கிய உரத்தைத் தெருவில் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

உண்டாகும் வேகத்தை மிகுவிப்பது அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்து. மக்கும் வேகத்தைக் குறைப்பது மண்ணிலுள்ள உயிர்கள் குன்றுதல். மண் இறுகிக் காற்றோட்டம் அற்றாலும், புளித்துப்போனாலும், பூச்சிமருந்தினால் மண்புழுக்கள் மடிந்தாலும் சருகை மண்ணோடு கலக்கும் வேலைக்காரர் இல்லாமற் போகின்றனர். மண்புழுவின் வேலையை நெடுங்காலம் ஆராய்ந்த டார்வின் 1881-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கராவுக்கு ஆண்டொன்றுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் அப்புழுக்களின் உடல் வழியாகச் சென்று மேலே வருகின்றதென்று கணக்கிட்டார். அத்துணை வேலையையும் கூலியின்றிச் செய்யும் உயிரைக் கொன்றுவிட்டுப் பின் வாரியை எடுத்து நிற்பது அறிவுடைமையாகாது.

இவ்விஷயத்தில் மிகப் பழைய சான்று ஒன்றுண்டு. இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் என்னுமிடத்தில் லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் 1856-ஆம் ஆண்டில் ஒரு புல்வெளியைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு உரமிட்டுப் பார்க்கத் தொடங்கினர். அச்சோதனை இன்றளவும் நடைபெற்று வருகின்றது. சுண்ணாம்பு சேர்க்காமல் ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட் பெற்ற துண்டுகளில் மண் கடுமையாகப் புளித்தது, மண்புழுக்கள் அற்றுப்போயின, மக்காத புற்சருகு கம்பளம்போல் மேலே படிந்தது. தழைச்சத்தைச் சோடியம் நைட்ரேட்டாகப் பெற்ற துண்டுகளில் அவ்வாறு நேரவில்லை. உரம் புல்லை வளர்க்கும். மண்ணை மறந்து இட்ட உரமோ புல்லின் சவத்தையும் சேர்த்து வளர்க்கும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஊர்மந்தைவெளியில் பெரும்பாலும் சருகு மெத்தை சேராமைக்கும் காரணம் இதுவே. அங்கே ஆடுமாடுகள் புல்லைக் குட்டையாக மேய்கின்றன. குளம்பினால் மேற்பரப்பைக் கீறுகின்றன. சாணமிட்டு மண்ணுயிர்களை வளர்க்கின்றன. புல்வெட்டும் பொறியை எட்வின் பட்டிங் என்பவர் இங்கிலாந்தில் 1830-ஆம் ஆண்டில் இயற்றுவதற்கு முன்னர், அந்நாட்டுச் செல்வர்களின் புற்றரைகளையும் ஆடுகளும் அரிவாளுமே பேணி வந்தன. பொறி வந்தபின் வெட்டும் வேலை மட்டும் அதனிடம் போயிற்று. கீறுவதும் எருவிடுவதும் செய்வாரின்றி நின்றன. முற்றத்துப் புற்றரைக்கு ஆட்டின் வேலை முழுவதையும் மனிதனே செய்தாக வேண்டும். அதில் பாதியைச் செய்து பாதியை விடுவதன் பயனே மெத்தை.

வழக்கத்திலுள்ள மூன்று தவறுகள்

மெத்தை தடித்துவிட்டதென்று தெரிந்தபின் இக்காலத்தில் கையாளப்படும் வழிகள் மூன்று. மூன்றும் கண்டிக்கத்தக்கவை.

முதலாவது, கோடையில் நெருப்பிடுதல். வரப்புப் புல்லைக் கொளுத்தும் பழக்கத்திலிருந்து இது வந்திருக்கலாம். வீட்டையும் மாட்டுத் தொழுவத்தையும் வைக்கோற்போரையும் அடுத்த இடத்தில் காய்ந்த சருகுக்கு நெருப்பு வைப்பது எத்தகைய ஆபத்தென்று சொல்ல வேண்டுவதில்லை. மெத்தையிலேயே புல்லின் உயிர்க்கணுக்களும் வேர்களும் இருத்தலால் அவையும் வெந்துபோகும். மண்ணுக்குச் சேரவேண்டிய தழைச்சத்தும் புகையாய்ப் போய்விடும்.

இரண்டாவது, புற்றரை முழுவதையும் மண்வெட்டியால் சீவியெறிந்துவிட்டு, சதுர அடிக்கு இவ்வளவென்று விலைபேசிப் புதிய புற்பாயை வாங்கி விரித்தல். பாயாக வெட்டி விற்கும் புல் வெறும் புல்லன்று. அதனடியில் வேரோடு மேல்மண்ணும் ஒட்டி வருகின்றது. ஓரிடத்தின் மேல்மண்ணை விலைக்கு வாங்கி மற்றோரிடத்தில் பரப்பும் வியாபாரம், நிலம் வைத்திருப்போர் ஆதரிக்கத் தக்கதன்று. மேலும், நீரும் உரமும் முன்போலவே இடப்படுமாயின் புதுப்பாயிலும் சில ஆண்டுகளில் மெத்தை சேரும். நோய்க்குக் காரணத்தை விட்டுவிட்டு நோயாளியை மாற்றுவதுபோன்ற காரியம் இது.

மூன்றாவதும் மிகப் பரவலானதும், யூரியாவினால் பழுப்பை மறைத்தல். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. தூவிய சில நாட்களில் இலை கரும்பச்சையாகும். வேலை முடிந்ததென்று எண்ணத் தோன்றும். ஆயினும் அப்பசுமை ஒவ்வொன்றும் அடியிலுள்ள பழுப்பை மேலும் ஓரிழை தடிக்கச் செய்கின்றது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சென்பது புல்லுக்கும் பொருந்தும். அதோடு, பயிர் விளைவிப்பதற்காக அரசு பெருந்தொகை மானியமாகக் கொடுத்து வழங்கும் யூரியாவை முற்றத்து அழகுக்குக் கைநிறைய இறைப்பது நியாயந்தானா என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

தண்ணீர்க் கணக்கு

இக்கட்டுரையின் பொருள் அழகைப் பற்றியது மட்டுமாயின், உழவர்க்குரிய பக்கங்களில் இதற்கு இடமளிக்க வேண்டியதில்லை. இது தண்ணீரைப் பற்றியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் நிற்க ஒரு லிட்டர் வேண்டும். ஒரு சென்டு என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் விடுவதாகக் கொண்டால், ஒரு சென்டுக்கு 200 லிட்டர். ஐந்து சென்டுப் பூங்காவுக்கு 1,000 லிட்டர். மாதமொன்றுக்கு 30,000 லிட்டர். தடித்த மெத்தையின்மேல் இந்நீரை நாள்தோறும் இலேசாகத் தெளித்தால், அதில் பெரும்பங்கு மண்ணைக் காணாமலே வெயிலில் ஆவியாகின்றது. நீர் விடுகின்றவர் ஆயிரம் லிட்டரும் புல்லுக்குப் போயிற்றென்று நினைக்கின்றார். புல்லோ நீரின்றி வாடுகின்றது.

இவ்வட்டாரத்து மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. மாசி முதல் ஆனி வரை பெரும்பாலான கொல்லைகளுக்குக் கிணறும் ஆழ்குழாய்க் கிணறுமே கதி. அக்காலத்தில் ஒரே நீர்மட்டத்திலிருந்துதான் கடலைக்கும், கால்நடைக்கும், குடத்துக்கும் நீர் எடுக்கப்படுகின்றது. அதே மட்டத்திலிருந்து புற்றரைக்கும் எடுப்பவர், எடுத்த நீர் மண்ணுக்குள் செல்கின்றதா என்று பார்க்கக் கடமைப்பட்டவராவார்.

இதனைக் கேட்டுச் சிலர், இத்தகைய வறண்ட நாட்டில் புற்றரையே ஆகாதென்று விலக்கிவிடலாமே என்பர். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. ஏக்கராக் கணக்கில் புற்றரை விரிப்பது இந்நாட்டுக்கு ஏற்றதன்று. ஒரு வீட்டுக்கு ஒன்றிரண்டு சென்டே மிகுதி. ஆயினும் முற்றத்தில் புழுதி அடங்குவதும், சூடு தணிவதும், குழந்தைகள் விழுந்தால் அடிபடாமல் விளையாட இடம் கிடைப்பதும் சிறு நன்மைகள் அல்ல. முழுதும் விலக்கச் சொன்னால் கேட்பவர் சிலரே. சிறியதாக வைத்துச் சீராகப் பேணச் சொன்னால் பலர் கேட்கக்கூடும். மண்வரை வேரோடிய அறுகுத் தரை வாரத்துக்கு இருமுறை ஆழ நனைத்தாலே தாங்கும். மெத்தைமேல் வாழும் புல்லே நாள்தோறும் நீர் கேட்கும். ஆகவே மெத்தையைக் களைவது தண்ணீரைக் காப்பதேயாகும்.

செய்யத்தக்க முறை

காலம் அறிந்து செய்தல் முதலாவது விதி. அறுகு, கொரியன் புல், எருமைப்புல் ஆகிய யாவும் வெப்பத்தில் விரைந்து வளர்பவை. புண்பட்டபின் ஆறுவதற்கு அவற்றுக்கு ஒன்றரை இரண்டு மாத வளர்ச்சிக் காலம் வேண்டும். கத்திரி வெயிலில் செய்தால் காயும்; ஐப்பசி கார்த்திகை அடைமழையில் செய்தால் சேறாகும்; மார்கழி தைக் குளிரில் செய்தால் துளிர்க்கத் தாமதமாகும். இப்பக்கத்துக்கு ஆடியும் ஆவணியுமே தக்க மாதங்கள். அவை விதைப்புக்கு உரிய மாதங்களாதலால் ஆள் கிடைப்பது அரிதெனினும், ஒன்றிரண்டு சென்டுக்கு வீட்டிலுள்ள இருவர் ஒரு காலைப்பொழுது உழைத்தாற் போதும்.

முந்திய நாள் மாலை மண் ஈரமாகும்படி நீர் விட்டு, மறுநாள் புல்லை வழக்கத்தைவிடச் சிறிது குட்டையாக வெட்டுதல் வேண்டும். பின்னர் இரும்புப் பற்கள் வைத்த வாரியை அழுத்திப் பிடித்து முதலில் ஒரு திசையிலும், அடுத்து அதற்குக் குறுக்குத் திசையிலும் இழுக்கச் சருகு கிளர்ந்து வரும். மண் ஆங்காங்கே கண்ணுக்குத் தெரியும் அளவு போதும். ஒரே தடவையில் முழு மெத்தையையும் பெயர்த்தெடுக்க முயல்வது தவறு. ஒரு அங்குலத்துக்கு மேல் தடித்திருந்தால் பாதியை இவ்வாண்டிலும் மீதியை அடுத்த ஆண்டிலும் களைதல் நலம். பெரிய பரப்புகளுக்குச் செங்குத்தாய்ச் சுழலும் கத்திகள் பொருத்திய பொறிகள் கிடைக்கின்றன; சிறு முற்றங்களுக்கு அவை அவசியமில்லை.

புல்லின் இனத்தையும் நோக்க வேண்டும். அறுகுக்குத் தரைமேல் ஓடும் கொடியும் தரைக்குள் ஓடும் தண்டும் ஆகிய இரண்டும் உண்டு; எனவே சற்றுக் கடுமையாக வாரினாலும் அடியிலிருந்து மீண்டு வரும். கொரியன் புல்லுக்கும் இரண்டும் உண்டெனினும் அதன் வளர்ச்சி மந்தமானது. அதன் தண்டு கடினமாதலால் மக்குவதற்கும் தாமதமாகும். அதனை இலேசாகவே வாரித் தவறாமல் ஆண்டுதோறும் செய்து வருதல் வேண்டும். எருமைப்புல்லுக்குத் தரைமேல் ஓடும் கொடி மட்டுமே உண்டு. அதனைக் கடுமையாக வாரினால் கொடியே பெயர்ந்து வெற்றுத்தரை மிஞ்சும்.

வாரியபின் நான்கு பல் உள்ள முள்ளினால் அரையடிக்கு ஒரு குத்தாக மூன்று நான்கு அங்குல ஆழம் குத்திவிட, இறுகிய மண்ணுக்குள் காற்றும் நீரும் புகும். அதன்மேல் சலித்த மண்ணும் நன்கு மக்கிய தொழுவுரமும் சமமாகக் கலந்து கால் அங்குலக் கனத்துக்கு மிகாமல் தூவி, துடைப்பத்தினால் தள்ளிப் புல்லின் அடியில் இறங்கச் செய்தல் வேண்டும். சென்டுக்குக் கால் கன மீட்டர் கலவை போதுமானது. மெத்தையைக் குறைப்பதில் இதற்கு நிகரான சிகிச்சை வேறில்லை. மண் கலந்த சருகில் நுண்ணுயிர்கள் புகுந்து, எஞ்சியதை அங்கேயே மக்கச் செய்கின்றன. வாருதல் ஓராண்டு தவறினும் மண் தூவுதல் தவறலாகாது.

பிறகு ஆழமாக நீர் விட்டு, புதுத் துளிர் கண்டபின் மட்டும் சிறிதளவு தழைச்சத்து இடலாம். ஒரு சென்டுக்கு ஒரு தடவைக்கு 200 கிராம் யூரியா போதும். அதனையும் மக்கிய எருவில் கலந்து தூவி உடனே நீர் பாய்ச்சுதல் உத்தமம். சுண்ணாம்பு இடுவதாயின் மண்ணைப் பரிசோதித்துப் புளிப்புத்தன்மை உண்டென்று கண்ட பின்னரே இடவேண்டும். உவர்நீர் பாயும் கொல்லைகளில் கண்மூடிச் சுண்ணாம்பு இடுவது வேறு கேட்டை விளைக்கும். தரை திறந்தபின் கோரை முதலிய களைகள் முளைப்பது இயல்பு. அவற்றை இளமையிலேயே கையால் களைந்துவிட்டால், புல் மூடிக்கொண்ட பின்னர் அவை தலையெடுப்பது அரிது.

கழித்த சருகைப் பற்றிய எச்சரிக்கை

வாரியெடுத்த சருகு நாள்பட்ட கட்டையாதலால் மாட்டுக்குத் தீவனமாகாது. ஆனால் தொழுவத்தில் படுக்கையாகப் பரப்பினால் மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பின்பு எருக்குழிக்கு நல்ல சரக்காகும். சர் ஆல்பர்ட் ஹோவர்டு இந்தூரில் 1931-ஆம் ஆண்டு வரை இருந்து வகுத்த கம்போஸ்டு முறையும் இத்தகைய கழிவுகளைச் சாணத்தோடு அடுக்கி மக்கச் செய்வதே.

இவ்விடத்தில் நிலமுடையோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். வாரிய சருகில் அறுகின் உயிருள்ள கணுக்களும் கலந்தே வரும். ஒரு கணு போதும், ஒரு கொல்லையைக் கெடுக்க. பச்சையாகவே எருக்குழியின் ஓரத்தில் எறிந்து, அடுத்த பருவத்தில் அவ்வெருவைக் கடலைக் கொல்லைக்கு வண்டியேற்றினால், முற்றத்தின் அழகு கொல்லையின் களையாய் முடியும். ஆகையால் சருகை முதலில் களத்து மேட்டிலோ சிமெண்டுத் தரையிலோ மெல்லிதாகப் பரப்பி, கணுக்கள் முறுக்கென்று ஒடியும்வரை பல நாள் வெயிலில் காய வைக்க வேண்டும். அதன்பின் குழியின் ஓரத்திலன்றி நடுவில், சூடு மிகும் இடத்தில் இட்டுப் புரட்டிவிட வேண்டும். களைக்கொல்லி தெளித்த புற்றரையின் சருகை எருவாகவோ மூடாக்காகவோ பயன்படுத்தாமல் தள்ளிவிடுவதே பத்திரமானது.

ஏரிக்கரையும் வரப்பும் வேறு

மேற்கூறிய யாவும் முற்றத்துக்கும் பூங்காவுக்குமே உரியவை. ஏரிக்கரையிலும், வாய்க்கால் மேட்டிலும், வயல் வரப்பிலும் படர்ந்த அறுகின் மெத்தையை எவரும் வாரலாகாது. மழைத்துளியின் அடியிலிருந்து கரைமண்ணைக் காப்பதும், வழிந்தோடும் நீரின் வேகத்தை அடக்குவதும், பின்னிய வேரினால் கரையைக் கட்டிப் பிடிப்பதும் அம்மெத்தையே. முற்றத்தில் நீர் உள்ளே இறங்கவேண்டும் என்பது நோக்கம். கரையிலோ நீர் மண்ணை அரிக்காமல் வழிந்து செல்லவேண்டும் என்பது நோக்கம். ஆதலால் ஓரிடத்துக் குற்றம் மற்றோரிடத்துக் குணமாகின்றது. தூய்மைப் பணி என்னும் பெயரால் பருவமழைக்கு முன் கரைப்புல்லைச் சீவி மண் தெரியச் செய்யும் வழக்கம் எங்கேனும் இருப்பின் அது உடனே நிறுத்தப்படத் தக்கது. கரையில் அகற்ற வேண்டியவை கரையைப் பிளக்கும் மரக்கன்றுகளும் முட்புதர்களுமே அன்றிப் புல் அன்று.

ஊர்ப் பொறுப்பிலுள்ளோர்க்கு

தனியார் முற்றத்தில் நேரும் வீண்செலவு அவரவர் பொறுப்பு. ஊர்ப் பணத்தில் அமையும் புற்றரையோ அவ்வாறன்று. பூங்காவோ பள்ளித் தரையோ அமைக்கும்போது புற்பாய் விரிப்பதற்கு ஒரு தொகையும், நீர் விடுவதற்கு ஓர் ஆளும் மட்டும் எழுதிவிட்டு, ஆண்டுதோறும் வாருவதற்கும் மண் தூவுவதற்கும் ஒன்றும் எழுதாமல் விடுவதனால், புற்றரை ஒரு சில ஆண்டுகளில் பழுத்து மீண்டும் முதற்செலவை வேண்டி நிற்கின்றது. மதிப்பீடு தயாரிக்கும்போதே பேணும் செலவையும் சேர்த்தெழுதுவது சிக்கனமாகும். வேலையைச் சரிபார்க்கச் செல்பவர் இலை பச்சையாக இருக்கின்றதா என்று நோக்கித் திரும்புதல் போதாது. களைக்கொத்தினால் ஒரு துண்டை வெட்டிப் பழுப்புப் பட்டையை அளந்து குறித்துக்கொண்டு வருதல் வேண்டும். அவ்வொரு வழக்கம் ஏற்பட்டால், ஒப்பந்தக்காரர் யூரியாவைக் கொண்டு கண்ணை மறைப்பது தானே நின்றுபோகும்.

புதிதாக அமைப்போர் பரப்பைச் சுருக்கி, எஞ்சிய இடத்தை நிழல்மரங்களுக்கு விடுதலே நன்று. இனம் தேர்வதில் கொரியன் புல்லின் மென்மையைக் கண்டு மயங்காமல், இம்மண்ணிலேயே வளர்ந்த அறுகை விரும்புதல் தகும். அதற்கு விலையில்லை, வறட்சியில் வாடினாலும் ஒரு மழைக்கு மீளும், வாரினாலும் பொறுக்கும். அறுகுபோல் வேரூன்றுக என்று மணமக்களை வாழ்த்தும் நாட்டில் அதன் வேர் மண்ணில் ஊன்றாமல் சருகில் ஊன்றும்படி விடுவது முறையன்று. வரும் ஆடியில் நிலமுடையோர் தத்தம் முற்றத்திலும், ஊராட்சிப் பொறுப்பிலுள்ளோரும் கிராம நிர்வாக அலுவலர்களும் தத்தம் பார்வையிலுள்ள பொதுவிடங்களிலும் ஒரு துண்டு வெட்டிப் பார்ப்பார்களாக. பட்டை அரை அங்குலத்துக்கு உட்பட்டிருப்பின் வாரியை எடுக்க வேண்டியதில்லை; மேற்பட்டிருப்பின் குழாயைத் திறக்குமுன் வாரியை எடுக்க வேண்டும்.